வெட்டிய படத்தின் எடை

சாரல் விழ ஆரம்பித்த அன்றைக்குப் பர்வீன் போன் செய்தாள். தென்காசியில் நான் வேலை பார்த்த கலர் லேபில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள்.

"அக்கா, பழைய படத்தையெல்லாம் புது டிஸ்குக்கு மாத்திட்டு இருக்கேன். பூட்டுன ஃபைல்ல ஒண்ணுக்கு மட்டும் ஆள் பேரே இல்ல. அழிச்சிரட்டுமா?"

"எது?"

"வடகரைன்னு மட்டும் போட்டிருக்கு. உள்ள என்ன இருக்குன்னே தெரியல. அதைக் கேட்டு ஒரு ஆளு வேற வந்துட்டுப் போனாரு. உக்காந்து என்னென்னமோ அடிச்சுப் பாத்தாரு, திறக்கல. மறுபடி வருதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏட்டி, அதுல கையை வச்சிராத. நான் பெறவு சொல்லுதேன்."

போனில் சொல்லித் தீருகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒரே ஒரு பெண்ணின் பெயரை மட்டும் மாற்றிக்கூட எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம், காரணம் வேறு.

நான் சேர்ந்த காலத்தில் இருட்டறை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தொழில் படித்த கதையை விட்டுவிடுகிறேன். எல்லாரும் திட்டு வாங்கித்தான் படிக்கிறார்கள், நான் கொஞ்சம் கூடுதலாக வாங்கினேன், அவ்வளவுதான்.

எங்கள் லேபுக்கு இரண்டு பிழைப்பு. சீசனில் குற்றாலம். வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால், மதுரையிலிருந்து வந்த குடும்பம் வெறுங்கையோடு திரும்பாது. ஈரமே படாத அவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்து, உருவத்தை மட்டும் வெட்டி, பின்னால் அருவியை ஒட்டிக் கொடுப்போம். தலையில் நாலு துளி தண்ணீரும் போட்டுவிடுவேன். மற்ற மாதங்களில் சாவு. எங்கள் பக்கம் ஓர் ஆள் போய்விட்டால் டாக்டருக்கு அடுத்தபடி போன் வருவது எங்களுக்குத்தான். பந்தல் போடுவதற்கு முன்னால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவருக்கு வந்தாக வேண்டும்.

வருகிறவர்கள் கையில் நல்ல படம் இருக்காது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரிய ஒருவர் நிற்பார். அவரைத் தனியாக வெட்ட வேண்டும். காதோரம், தலைமுடி, வேட்டிக் கரை என்று ஓரம் பிடித்துக்கொண்டே போனால், சுற்றியிருக்கிற ஆட்களெல்லாம் மறைந்து, சாம்பலும் வெள்ளையுமாகச் சதுரக் கட்டங்கள் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை, ஒளி ஊடுருவும் என்பதற்கு அந்தக் கட்டம்தான் அடையாளம். அப்படியே பி.என்.ஜி. என்ற வகையில் சேமிக்க வேண்டும். வேறு வகையில் சேமித்தால் கட்டம் போய் வெள்ளை அப்பிக்கொள்ளும்.

எங்கள் மேனேஜர் வேலாயுதம் அண்ணாச்சி. ஒரு நாளும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து நாங்கள் கோபத்தை அளந்துகொள்வோம். இறந்தவர் படம் திரையில் இருக்கும்போது கால்மேல் கால் போட விடமாட்டார். கண்ணை மட்டும் கடைசியில்தான் சரிசெய்ய வேண்டும் என்பார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டேன். "மொதல்லயே கண்ணைத் தொறந்து விட்டுட்டா, நீ வேலை பாத்து முடிக்கிற வரைக்கும் அவரு ஒன்னையே பாத்துக்கிட்டு இருப்பாருல்லா?" என்றார். அதற்குப் பிறகு நான் அந்த விஷயத்தில் கேள்வி கேட்டதே கிடையாது.

வெட்டிய படத்தில் ஒரு சங்கடம் உண்டு. பின்புலம் இல்லாத ஆளை எங்கே கொண்டுபோய் வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரு முறை, விபத்தில் போன பையனுடைய படத்தை எவனோ ஒரு பாவி எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப்போய், கல்யாண பேனரில் மாப்பிள்ளைத் தோழர்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டான். விளையாட்டாம்! பஸ்ஸில் போன அவன் அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, ஓடுகிற வண்டியில் எழுந்து, "ஏ அய்யா" என்று கூப்பிட்டுக்கொண்டே கீழே விழுந்திருக்கிறாள். அன்றைக்கு அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதிலிருந்துதான் பூட்டு. வேலை முடிந்ததும் வெட்டிய படங்களை ஒன்றாகச் சுருக்கிக் கட்டி, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட வேண்டும். படம் மட்டுமல்ல, உள்ளே இருக்கிற ஃபைல்களின் பெயர்கூட வெளியே தெரியக் கூடாது, அதற்குத் தனியாக ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். கடவுச்சொல்லை நாங்கள் போடக் கூடாது. இறந்தவருக்கு மிக நெருங்கியவர் வந்து தன் கையாலேயே அடிக்க வேண்டும். அவர் அடிக்கும்போது அறையில் இருக்கிற எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்போம். அவரையே இன்னொரு தரம் திறந்து பார்க்கச் சொல்லி, திறந்தால்தான் வெளியே கிடக்கிற படங்களை அழிப்போம். "பேரை மட்டும் வச்சிராதீங்க. எவனும் மொதல்ல அதைத்தான் அடிச்சுப் பாப்பான்" என்று அண்ணாச்சி எல்லாரிடமும் சொல்வார்.

இரண்டாவது ஒரு சம்பவமும் உண்டு. செங்கோட்டை ஆச்சி ஒருவருக்கு நினைவஞ்சலி பேனர். புதிதாக வந்த பிரிண்டர் கட்டத்தை வெற்றிடமாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அடித்து வந்ததைப் பார்த்தால், ஆச்சிக்குப் பின்னால் மங்கலாக மூன்று பேர் நிற்கிறார்கள்! நான் வெட்டிப்போட்ட ஆட்கள். ஆச்சியின் மகன் உற்றுப் பார்த்துவிட்டு, "இவிய மூணு பேரும் அம்மைக்கு முன்னாலயே போனவங்கல்லா? இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அண்ணாச்சி எனக்கு விளக்கினார். ஒளி ஊடுருவும் என்று நாம் சொல்கிற இடத்தில் புள்ளிகள் அழிவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் உண்டு, அதோடு தெரியலாமா கூடாதா என்று இன்னொரு எண் உண்டு. நாம் அந்த எண்ணை மட்டும்தான் பூஜ்யம் ஆக்குகிறோம். கதவைச் சாத்தியதால் அறை காலியாகிவிடாது. வெட்டிய பிறகு அடியில் இருக்கிற நிறத்தையும் துடைத்துவிட்டால்தான் அது நிஜமான வெறுமை. அதற்கு எங்கள் லேபில் 'அடி துடைப்பது' என்று பெயர்.

துடைத்ததா துடைக்காததா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஃபைலின் அளவுதான் வழி, அதை நாங்கள் எடை என்போம். வெறும் இடம் சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆகிவிடும், ஃபைல் லேசாக இருக்கும். ஒற்றை ஆள் படம் ஒரு கல்யாணக் கூட்டத்தின் கனம் கனத்தால் அடியில் எதுவோ கிடக்கிறது. "காத்துக்கு எடை இருந்துச்சுன்னா உள்ள ஆள் இருக்கு" என்பார் அண்ணாச்சி. சாதாரணமாகத்தான் சொல்வார், கேட்கிற நமக்குத்தான் பின்கழுத்து கூசும்.

இனி வடகரை.

முருகேசன் என்பவர் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். திடீரென்று தண்ணீர் வந்தது. கரையில் செருப்பும் துண்டும் சட்டையும் கிடந்தன, ஆள் இல்லை. பாறை இடுக்கெல்லாம் தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. அவர் தம்பி வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் சொன்னார். கொடுத்தது வாக்காளர் அட்டைப் படம். வலது புருவத்தில் பழைய வெட்டு ஒன்று, அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. நான்தான் அதைப் பூசி நிரப்பினேன். சுற்றி ஊதாக் கரை போட்டு, இரண்டு குத்துவிளக்கு வைத்து, கீழே வருந்துவோர் பட்டியலில் முதல் பெயராக மனைவி பெயரைப் போட்டேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வடகரை, செங்கோட்டை, புளியரை என்று உறவு இருந்த ஊர்களிலெல்லாம் ஒட்டினார்கள். போஸ்டரில் ஆள் திருடன் மாதிரி இருக்கிறான் என்று சொந்தத்தில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

மனைவி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சடங்கு நாளில் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "உடம்பைக் காட்டுங்க, கழட்டுதேன்." அடித்தும் பார்த்தார்கள், அழுதும் பார்த்தார்கள். வருஷம் திரும்பட்டும், அன்றைக்குச் சொந்தபந்தம் கூடிக் கழற்றியே தீர வேண்டும் என்று முடிவானது. அந்த ஒரு வருஷமும் அவள் பூ வைத்துக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஊர் அவளைப் பைத்தியம் என்றது.

வருஷம் திரும்பப் போகிற வாரத்தில், நினைவஞ்சலிக்கு நல்ல படம் இருக்கிறது என்று தம்பி ஒன்றை அனுப்பினார். இப்போதுதான் போனிலேயே பின்னால் இருப்பதைத் தூக்கிவிடுகிறதே, அப்படி அவரே தூக்கி, நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி, கட்டம் வெள்ளையாகிவிடாமல் டாக்குமெண்டாக அனுப்பியிருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, நல்ல சிரிப்பு. ஒரே குறை, வலது கையைப் போன் சரியாக வெட்டவில்லை. பக்கவாட்டில் நீட்டிய கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. புதிதாக ஒரு கை வரைந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே எடை பார்த்தேன். ஒற்றை ஆளுக்கு அந்தக் கனம் ஆகாது.

எங்கள் வழக்கப்படி அச்சுக்கு முன்னால் நெருங்கியவர் நேரில் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். தம்பி பந்தல் வேலையாக இருந்ததால் அவளே பஸ் ஏறி வந்தாள். மத்தியானம்தான், ஆனால் சாரலில் வெளியே அந்தி மாதிரி இருந்தது. திரையைப் பார்த்ததும் அவள் உட்காரவில்லை.

"இது எங்க எடுத்தது?"

"உங்க கொழுந்தன் அனுப்புனதும்மா," என்றேன்.

"அக்கா, அவிய சட்டையெல்லாம் நான்தான் துவைப்பேன். இந்தச் சட்டையை நான் துவைச்சதே இல்ல."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். நான் அவர் பக்கம் குனிந்து, "கனமா இருக்கு அண்ணாச்சி" என்றேன். அவளுக்கும் கேட்டுவிட்டது. என்ன கனம் என்று கேட்டாள். சொன்னோம்.

"அப்போ பின்னால இருக்கிறதைப் பாக்கலாமா?"

"பாக்கலாம்மா. ஆனா பாத்துட்டா, பாக்காத மாதிரி இருக்க முடியாது. யோசிச்சுக்கோ."

"ஒரு வருசமா பாக்காமதான் பைத்தியம்னு பேரு வாங்கியிருக்கேன் அண்ணாச்சி. காட்டுங்க."

ஒரே தட்டில் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடலாம். அண்ணாச்சி வேண்டாம் என்று கை காட்டினார். பிரஷ்ஷை எடுத்து மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். தேய்க்கிற இடத்தில் கட்டம் கரைந்தது. ஒரு மின்கம்பம் வந்தது. மலையாளத்தில் எழுதிய ஒரு போர்டு வந்தது. அவர் தலைக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர். கேரள எல்லைப் பக்கம், புளியரை மாதிரி இருக்கு என்றாள் அவள். தோளுக்குப் பக்கத்தில் தேய்த்தபோது ஊதா நிறத்தில் ஒரு கரை வந்தது.

என் கை நின்றுவிட்டது. அந்தக் கரை என்னுடையது.

"தேய்ங்க அக்கா."

குத்துவிளக்கு வந்தது. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து வந்தது. அதற்குக் கீழே முருகேசனின் முகம் வந்தது, நான் புருவம் பூசிய அதே வாக்காளர் அட்டை முகம். தன்னுடைய சாவு போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். மணிக்கட்டோடு நின்ற கையின் மிச்சம் அங்கேதான் இருந்தது. போஸ்டரில் படிந்த கையைப் போன் போஸ்டர் என்றே நினைத்து வெட்டிவிட்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு பைக். அது தம்பியுடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எத்தனையோ இறந்த முகங்களோடு தனியாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், பயந்ததில்லை. உயிரோடு இருக்கிற அந்த முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "நல்லாத்தான் இருக்காவ. சதை போட்டிருக்கு," என்றாள். பிறகு திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பட்டியலைத் தேடினாள். "என் பேரு எங்க அக்கா? மொத பேரா போட்டிருந்தீங்கல்லா?"

அவளே கண்டுபிடித்தாள்.

"என் பேரு மேலல்லா கையை வச்சிக்கிட்டு நிக்கான்!"

உள்ளே வரும்போது 'அவிய', இப்போது 'அவன்'. அந்த மாற்றம் என் காதில் விழுந்தது, அவள் காதில் விழுந்ததா தெரியாது. திடீரென்று சிரித்தாள். "அந்தப் பழைய படம் பிடிக்கலன்னு இவனே இதைக் குடுத்துவிட்டிருப்பான். போட்டோவுல நல்லா இருக்கணும் இவனுக்கு. செத்தாலும் நல்லா இருக்கணும்." அந்தச் சிரிப்பைக் கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போலீசுக்குப் போகணும்னா நான் கூட வாரேன்மா," என்றார் அண்ணாச்சி.

அவள் யோசித்தாள். வெளியே சாரல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. போஸ்டர் அடிங்க. இந்தச் சிரிக்கிற படத்தையே போடுங்க, பின்னால ஒண்ணும் இல்லாம. தாலியைக் கழட்டத்தான் போறேன். எவளும் வந்து கழட்ட வேண்டாம், நானே கழட்டிக்கிடுதேன். அவன் செத்துட்டான்லா?"

"கை இல்லையேம்மா. வரைஞ்சிரட்டுமா?" என்று கேட்டேன்.

"கை வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

அப்படியேதான் அடித்தோம். வடகரைச் சுவர்களில் முருகேசன் வலது கை இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். தம்பியால் ஏன் என்று கேட்க முடியவில்லை. அவள் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம். "முழுப் படமும் தென்காசியில பூட்டி இருக்கு."

ஆமாம், பூட்டினோம். அடி துடைக்காமல் நாங்கள் பூட்டிய ஒரே படம் அதுதான். பெயரை வைக்காதீங்க என்று அண்ணாச்சி வழக்கம்போலச் சொன்னார். நானும் அவரும் சுவரைப் பார்த்து நின்றோம். பின்னால் விசை தட்டுகிற சத்தம் தயங்காமல் வந்தது, சீக்கிரம் முடிந்தும் விட்டது. மறுபடி அடித்துத் திறந்து பார்த்தாள், மூடினாள், குடையை எடுத்துக்கொண்டு போனாள். தாலியை அவளே கழற்றி, மாமியார் மடியில் வைத்துவிட்டு, பிறந்த ஊரான வாசுதேவநல்லூருக்கு வேலையை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவளைப் பைத்தியம் என்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சியும் இப்போது இல்லை. அவர் படத்தை நான்தான் வெட்டினேன். கண்ணைக் கடைசியில் சரிசெய்தேன். எடை பார்த்தேன், லேசாக இருந்தது.

இவ்வளவும் நினைத்து முடித்த பிறகு பர்வீனுக்குப் போன் போட்டேன்.

"அந்த ஆளு அடிக்கும்போது நீ செவத்தைப் பாத்து நின்னியா?"

"என்னத்துக்கு அக்கா? பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளை என்ன சொல்ல! ஆனால் அன்றைக்கு எனக்கு அது உதவியது.

"என்ன அடிச்சாரு?"

"முருகேசன்னு அடிச்சாரு. பெறவு முருகேசனோட ஒரு வருசத்தைச் சேத்து. பெறவு ஒரு பைக் நம்பர். வடகரைன்னு. ஏதோ சாமி பேரு. அப்புறம் மறுபடியும் முருகேசன்."

"புருவத்துல வெட்டு இருந்துச்சா?"

"ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்? வலது புருவத்துல. அக்கா, இன்னொண்ணு, எல்லாத்தையும் இடது கையாலயே ஒண்ணு ஒண்ணா அடிச்சாரு. வலது கையைக் கடைசி வரைக்கும் துண்டுக்குள்ள இருந்து எடுக்கவே இல்ல."

குளிருக்காக இருக்கும் என்றேன். அவளுக்குச் சொன்னேனா எனக்குச் சொன்னேனா தெரியவில்லை.

பிறகு வாசுதேவநல்லூருக்குப் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம், பின்னால் பிள்ளைகள் இரைச்சலும் தட்டுச் சத்தமும் கேட்டது. முருகேசன் லேபுக்கு வந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம் இல்லை. என்ன அடித்தான் என்று மட்டும் கேட்டாள். பர்வீன் சொன்ன வரிசையில் சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் அடிக்கலயாம்."

தட்டுச் சத்தம் தள்ளிப் போனது, கூடத்தை விட்டு வெளியே வந்திருப்பாள்.

"அந்தப் பூட்டுக்கு வச்ச சொல்லு என் பேருதான் அக்கா. அண்ணாச்சி வேண்டாம்னாவ, நான்தான் வச்சேன். முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் சேக்கல. வெறும் என் பேரு."

அவன் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறான், உடனே வேறு சொல்லுக்கு மாற்றிவிடலாம், நான் வேண்டுமானால் பஸ் ஏறி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"என்னத்துக்கு அக்கா? வரட்டும், உக்காந்து அடிக்கட்டும். அவனுக்கு அது தோணாது."